ஆடு, புலி, ஊர்: ஆடுபுலி ஆட்டத்தில் மூன்றாவது ஆளுக்கு இடம் செய்தது

மூன்று பேர் ஆடக்கூடிய ஆடுபுலி ஒன்று ஒருவழியாக வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. பலகையும் தேறிவிட்டது, விதிகளும் ஓரளவு நின்றுவிட்டன. எங்கெங்கே மாட்டிக்கொண்டது, எதை மாற்றியதும் ஓடியது என்று எழுதிவைத்தால் இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும்.

வீட்டில் ஆடுபுலி எடுத்தால் இரண்டு பேர் ஆடுவார்கள், மூன்றாவது ஆள் வேடிக்கை பார்க்க வேண்டும். வேடிக்கை பார்க்கிறவர் சும்மா இருப்பதும் இல்லை, "அங்க வைக்காத, தாண்டிடுவான்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த மூன்றாவது வாய்க்கு ஆட்டத்துக்குள்ளேயே ஒரு இடம் கொடுத்தால் என்ன என்பதுதான் யோசனை. இன்னொரு காரணமும் உண்டு. 2018இல் கோல் வெர்லி வடிவமைத்து வந்த ரூட் என்ற பலகை ஆட்டத்தை நண்பர்களோடு ஆடியிருக்கிறேன். பன்னிரண்டு வெளிகள் கொண்ட ஒரு காடு, அதில் நாலு தரப்பு. பூனைப்படை முதலிலேயே கிட்டத்தட்டக் காடு முழுக்கப் பரவி நிற்கும், காட்டு விலங்குகளின் கூட்டணிக்குத் தொடக்கத்தில் பலகையில் எதுவுமே இருக்காது. ஆனாலும் எல்லோரும் ஓடுவது அதே 30 புள்ளிகளை நோக்கித்தான். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, தரப்புகளின் பலத்தை விதிப்புத்தகம் மட்டும் சமன் செய்வதில்லை, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களும் பேசிப் பேசிச் சமன் செய்கிறார்கள் என்பது. "அவன் முந்துறான், நீ வடக்குப் பக்கம் பாத்துக்க, நான் இந்தப் பக்கம் பாத்துக்கறேன்" என்கிற பேச்சு இல்லையென்றால் அந்த ஆட்டமே இல்லை.

ஆடுபுலியும் ஆளுக்கொரு விதி உள்ள ஆட்டம்தானே. மூன்று புலி, பதினைந்து ஆடு. ஒரு பக்கம் தாண்டித் தின்னும், இன்னொரு பக்கம் சூழ்ந்து அடைக்கும். கோயில் மண்டபத் தரையில் செதுக்கி வைத்து எத்தனையோ தலைமுறை ஆடியிருக்கிறார்கள். அதில் பேச்சுக்கு மட்டும் இடமில்லை, ஏனென்றால் இரண்டே பேர், ஒருவருக்கு லாபம் என்றால் மற்றவருக்கு நட்டம். மூன்றாவது தரப்பு வந்தால்தான் பேரம் வரும்.

அந்த மூன்றாவது தரப்பு யார் என்பதில்தான் முதல் சிக்கல். முதலில் வேடன் என்று யோசித்தேன், புலியைச் சுடுகிறவன். காகிதத்தில் எழுதிப் பார்த்ததுமே விழுந்துவிட்டது: வேடன் ஆட்டுக்கு நண்பன், புலிக்குப் பகைவன், அவ்வளவுதான். மூன்று பேர் இருந்தும் அது இரண்டு பேர் ஆட்டமாகவே இருந்தது, புலி பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தது. அப்புறம் அப்பாதான் சொன்னார், ஆட்டுக்கும் புலிக்கும் நடுவில் ஊர் இருக்கிறதே என்று. புலி ஆட்டைத் தின்னும், ஆடு வயலை மேயும், ஊர்க்காரர்கள் புலியை விரட்டுவார்கள். யாரும் யாருக்கும் முழு நண்பனும் இல்லை, முழுப் பகையும் இல்லை. இதைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் சோதனையை சார்ட் பேப்பரில் செய்தேன். வழக்கமான கட்டத்தில் உச்சியில் ஒரு புள்ளி, ஆறு ஆறு புள்ளிகளாக மூன்று குறுக்குக் கோடு, அடிக்கோட்டில் நாலு, மொத்தம் 23. இதில் 3 புலி, 15 ஆடு, ஊருக்கு 6 வயல் என்றால் 24 ஆகிவிடுகிறது! ஆட்டை 12 ஆகக் குறைத்தாலும் 21, நகரவே இடம் இருக்காது. அதனால் இன்னொரு குறுக்குக் கோடு சேர்த்தேன். இப்போது 29 புள்ளி, காய்கள் எல்லாம் இறங்கினாலும் எட்டு இடம் காலியாக இருக்கும். ஊர் அடிக்கோட்டில், காடு உச்சியில் என்று பலகைக்கு ஒரு மேடு பள்ளமும் தானாகக் கிடைத்தது.

பலகைக்கு 12 மி.மீ. ப்ளைவுட், 18க்கு 18 அங்குலம். தச்சுப் பட்டறையில் வெட்டிப்போட்ட துண்டுகளில் தேடி எடுத்ததால் 150 ரூபாய்தான் ஆனது, ஓரத்தைத் தச்சரே நேராக அறுத்துக் கொடுத்தார். 120ஆம் நம்பர் உப்புத்தாளில் ஒரு தேய்ப்பு, 220இல் இன்னொரு தேய்ப்பு. இரண்டாவது தேய்ப்பை அவசரப்படாமல் செய்யுங்கள், கோடு போடும்போது பென்சில் நார் நாராகத் தட்டாமல் ஓடும்.

அளவுகள் இவை. மேல் ஓரத்திலிருந்து ஒன்றரை அங்குலம் விட்டு நடுவில் உச்சிப்புள்ளி. அங்கிருந்து 15 அங்குலம் கீழே அடிக்கோடு, நீளம் 13.5 அங்குலம், மூன்று சம பங்கு, அதாவது 4.5 அங்குலத்துக்கு ஒரு புள்ளி. உச்சியிலிருந்து இந்த நாலு புள்ளிக்கும் நாலு சாய்கோடு. முதல் குறுக்குக் கோட்டை நான் உச்சியிலிருந்து 4.5 அங்குலத்தில் போட்டிருந்தேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த உயரத்தில் சாய்கோடுகளுக்கு நடுவே 1.35 அங்குலம்தான் இடைவெளி, சுமார் 34 மி.மீ. காய்களுக்கு எடுத்துவைத்திருந்த கேரம் காயின் குறுக்களவே 31 மி.மீ.க்கு மேல். இரண்டு காய் பக்கத்தில் உட்கார்ந்தால் விரல் நுழையாது, ஒன்றை எடுத்தால் இன்னொன்று நகர்ந்துவிடும். அழித்துவிட்டு முதல் குறுக்குக் கோட்டை 6 அங்குலத்துக்கு இறக்கினேன், இடைவெளி 1.8 அங்குலம் ஆனது. அடுத்தவை 8.25, 10.5, 12.75. ஒவ்வொரு குறுக்குக் கோடும் 15.5 அங்குல நீளம், இரண்டு முனைகளையும் மேலிருந்து கீழாக ஒரு நேர்கோடு இணைக்கும். மூலைமட்டம் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். ஸ்டீல் ஸ்கேலை மட்டும் நம்பிப் போட்ட கோடு ஒரு பக்கம் இரண்டு மி.மீ. ஏறி நின்றது.

கோட்டை பெர்மனென்ட் மார்க்கரில் போட்டதில் ஒரு நாள் வேலை வீண். மேலே வார்னிஷ் தூரிகை பட்டதும் மை கரைந்து சாம்பல் நிறத்தில் இழுத்துக்கொண்டு போனது. பெயர் பெர்மனென்ட் என்றாலும் வார்னிஷில் இருக்கும் கரைப்பான் அந்த மையையும் கரைத்துவிடும். மறுபடி உப்புத்தாள், மறுபடி பென்சில். இந்த முறை சால்டரிங் அயர்னை எடுத்தேன், வீட்டில் கிடந்த 25 வாட். ஸ்கேலை ஓரமாக வைத்து மெதுவாக இழுத்தால் பழுப்பு நிறத்தில் சின்னப் பள்ளமாகக் கோடு விழுகிறது, வார்னிஷ் எத்தனை கோட் அடித்தாலும் போகாது. ப்ளைவுட்டில் பசை இருப்பதால் புகை வரும், மொட்டை மாடியில் உட்கார்ந்து செய்வது நல்லது. புள்ளிகளை 3 மி.மீ. டிரில் பிட்டால் லேசாகக் குழித்தேன்.

கேரம் காயை விட்டுவிட்டு, காய்களுக்கு ஓர் அங்குல உருளைக் கம்பை ஹேக்சா பிளேடால் 10 மி.மீ. தடிமனில் வில்லை வில்லையாக அறுத்தேன். ஆடு 12 வெள்ளை எனாமல், புலி 3 மஞ்சள் அடித்துக் கறுப்புக் கோடு. வயலுக்கு 4 மி.மீ. ப்ளைவுட்டில் ஓர் அங்குலச் சதுரம், பச்சை, எட்டு. வயல் தட்டையாகவும் சதுரமாகவும் இருப்பது முக்கியம், தடவிப் பார்த்தாலே எது மண், எது உயிர் என்று தெரியும். அப்பாவுக்குப் பார்வை கொஞ்சம் மங்கல், அவருக்கு இது பெரிய உதவி.

இனி விதிகள். பலகைக்கு ஆன நேரத்தைவிடப் பல மடங்கு நேரம் இதற்குத்தான் போனது. ஆடியவர்கள் நான், அப்பா, பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள், சில மாலைகளில் எதிர்வீட்டு அண்ணன்.

தொடக்க விதி எளிது. முறை புலி, ஆடு, ஊர் என்று சுற்றும். புலி வழக்கம்போல ஒரு புள்ளி நகரும் அல்லது ஆட்டைத் தாண்டித் தின்னும், வயலில் கால் வைக்க முடியாது. ஆடு ஒவ்வொன்றாக இறங்கும், எல்லாம் இறங்கியபின் நகரும். வயல் இருக்கும் புள்ளிக்கு ஆடு நகர்ந்தால் அந்த வயல் மேய்ந்தாயிற்று, எடுத்துவிட வேண்டும். ஊர் ஒரு முறைக்கு ஒரு வயல் வைக்கும். ஆறு ஆட்டைத் தின்றால் புலிக்கு வெற்றி, மூன்று புலியையும் அடைத்தால் ஆட்டுக்கு, ஆறு வயல் நின்றால் ஊருக்கு.

முதல் ஆட்டத்திலேயே ஊர் ஆறாவது முறையில் ஜெயித்துவிட்டது. ஆடு எல்லாம் இறங்கப் பன்னிரண்டு முறை ஆகும், அதுவரை மேயவே முடியாதே. பழைய விதியைக் கைவிட்டு, ஆடு ஒரு முறையில் புதிதாக இறங்கலாம் அல்லது இருப்பதில் ஒன்று நகரலாம் என்று மாற்றினேன். ஊருக்கும் ஒரு கட்டுப்பாடு: வயல் அடிக்கோட்டில் தொடங்க வேண்டும், பிறகு இருக்கும் வயலை ஒட்டித்தான் வளர வேண்டும். அப்படி வைத்ததும் அக்கா மகள் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தாள். முதல் சில முறைகளில் நாலு ஆட்டை அடிக்கோட்டின் நாலு புள்ளிக்குக் குறி வைத்து, நடுவில் ஊர் வைத்த வயலையும் மேய்ந்து, ஊரைத் தொடங்கவே விடவில்லை. அதற்காக ஊருக்கு அடிக்கோட்டின் நடு இரண்டு புள்ளிகளில் ஆட்டம் தொடங்கும்போதே இரண்டு வயல் கொடுத்தேன், ஒரு கருவியும் கொடுத்தேன். ஊர் தன் முறையில் வயல் வைப்பதற்குப் பதில் தகரம் தட்டலாம். வயலை ஒட்டி நிற்கும் புலியையோ ஆட்டையோ பக்கத்துக் காலிப் புள்ளிக்கு விரட்டலாம். அடிக்கோட்டில் நிற்கும் ஆட்டை வயல் இல்லாவிட்டாலும் விரட்டலாம்.

இதற்குப் பிறகுதான் உண்மையான கோளாறு தெரிந்தது. புலி ஒரு ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை. காரணம் பலம் இல்லை, நான் முதலில் பலம் என்றுதான் நினைத்து நாலாவது புலியைச் சேர்த்தேன், அதுவும் தோற்றது. காரணம், வயல் ஒரு சுவராக வேலை செய்தது. ஊர் தனக்காக வைக்கும் ஒவ்வொரு வயலும் ஆட்டுக்கு இலவசமாகப் புலியை அடைத்துக் கொடுத்தது. ஆடும் ஊரும் பேச வேண்டிய தேவையே இல்லாமல் கூட்டாளிகள், புலியிடம் அவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை, வாங்கவும் ஒன்றுமில்லை. மேசை அமைதியாக இருந்தது. மூன்று பேர் ஆட்டத்தில் அமைதி என்றால் அங்கே ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

நாலாவது புலியை எடுத்துவிட்டு ஒரே ஒரு விதியை மாற்றினேன்: புலி வயலில் நிற்க முடியாது, ஆனால் வயலைத் தாண்டி அடுத்த காலிப் புள்ளிக்குப் போகலாம், வயலுக்குச் சேதம் இல்லை. இப்போது அதே வயல் இரண்டு வேலை செய்கிறது. ஆட்டுக்குப் பின்னால் உள்ள புள்ளியில் வயல் வைத்தால் புலி தாண்டி இறங்க இடமில்லை, ஆடு பிழைத்தது. புலிக்கு முன்னால் வைத்தால் அது பாலம், புலி ஒரே முறையில் இரண்டு புள்ளி போகும். ஊர் எப்படியும் எங்காவது ஒரு வயல் வைக்கத்தான் போகிறது, எங்கே வைப்பது என்பதில் அதற்குப் பெரிய செலவில்லை, ஆனால் அது மற்ற இருவருக்கும் உயிர். அன்றைக்குத்தான் மேசையில் சத்தம் கிளம்பியது.

"தாத்தா, அந்த ஆட்டுக்குப் பின்னாடி நாத்து நட்டுடுங்க, நான் ரெண்டு சுத்துக்கு உங்க வயல்ல வாய் வைக்க மாட்டேன்" என்று அக்கா மகள் ஒரு பக்கம். புலியை வைத்திருந்த எதிர்வீட்டு அண்ணன் இன்னொரு பக்கம், "ஐயா, உங்க வயலை மேயறதே அந்த ஆடுதான், அதை நான் எடுத்துக்கறேன், நீங்க மேல ஒரு வயலை மட்டும் இந்தப் பக்கமா வைங்க." அப்பா கையில் பச்சைச் சதுரத்தை வைத்துக்கொண்டு இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நான் தேடியது இதைத்தான். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே பெரிய பாடமும் இதுதான், தரப்புகளின் பலத்தைத் தராசில் வைத்துச் சமன் செய்ய முயன்றபோது ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொருவர் கையிலும் தனக்கு மலிவாகவும் அடுத்தவருக்கு அருமையாகவும் ஒரு பொருள் இருக்கும்படி செய்ததும் பலம் தானாகச் சமனாகத் தொடங்கியது.

அடுத்த கோளாறு வேறு மாதிரி. இப்போது ஆடு அதிகமாக ஜெயித்தது, அதுவும் யாரும் எதிர்பார்க்காத நேரத்தில். தின்ற ஆடு எத்தனை என்று எண்ணலாம், நிற்கும் வயல் எத்தனை என்று எண்ணலாம். புலி எவ்வளவு தூரம் அடைபட்டிருக்கிறது என்பதை யாரும் எண்ணுவதில்லை. அக்கா மகள் நாலு ஆட்டைப் பறிகொடுத்துவிட்டு "நான்தான் பாவம், என்ன விட்டுடுங்க" என்று கேட்பாள், எல்லோரும் இரங்குவோம், இரண்டு முறை கழித்து மூன்று புலியும் அசைய முடியாமல் நிற்கும். கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் இருக்கும் தரப்பு பேச்சில் எப்போதும் முந்தும். ஆகவே ஆட்டின் வெற்றியை மாற்றினேன். ஆட்டின் முறை தொடங்கும்போது அசைய முடியாமல் இருக்கும் ஒவ்வொரு புலிக்கும் ஒரு புளியங்கொட்டை, ஆறு சேர்ந்தால் வெற்றி. பலகையின் மேல் ஓரத்தில் தரப்புக்கு ஆறாக மூன்று வரிசைத் துளை போட்டு, அகர்பத்திக் குச்சியை நறுக்கி முளையாகச் செருகிவிட்டேன். மூவருக்கும் இலக்கு ஆறு, மூன்றும் கண் முன்னால். வயல் மட்டும் ஊரின் முறை தொடங்கும்போது ஆறு நிற்க வேண்டும், அப்போதுதான் மற்ற இருவருக்கும் தடுக்க ஒரு சுற்று கிடைக்கும்.

இதை ஆட ஆட ஒவ்வொரு தரப்பின் சூட்சுமமும் தெளிவானது. பலகையில் ஏழு புள்ளிகளில் ஆட்டைத் தாண்டவே முடியாது: உச்சி, குறுக்குக் கோட்டு வரிசைகளின் வெளி மூலைகள் நாலு, அடிக்கோட்டின் இரண்டு முனை. எல்லாக் கோடும் அங்கே முடிந்துவிடுகிறது, பின்னால் இறங்கப் புள்ளி இல்லை. ஆட்டை முதலில் அங்கே இறக்குவது பழைய அறிவு. ஆனால் புலிக்கு அதே மூலைகள் ஆபத்து. மூலையில் நிற்கும் புலிக்கு இரண்டே வழி, நாலு காய் இருந்தால் அடைத்துவிடலாம். உச்சியில் நிற்கும் புலியை அடைக்க எட்டுக் காய் வேண்டும், அதனால் புலிகளில் ஒன்று உச்சியை விட்டு இறங்காமல் இருப்பதே நல்லது. இன்னொரு புலி பக்கத்தில் நின்றால் அந்தப் பக்கம் தாண்டவே முடியாது, புலிகள் ஒன்றையொன்று அடைத்துக்கொள்ளும்.

புலியின் பேச்சு விஷயத்தில் நான் பார்த்தது, தின்ற எண்ணிக்கை நாலைத் தொட்டதும் மற்ற இருவரும் கைகோத்துவிடுவார்கள். நல்ல புலி மூன்றில் கொஞ்சம் நிறுத்தும். தின்னாத புலிதான் விலை பேச முடியும், "இந்த ஆட்டை விட்டுடறேன், அது போய் அந்த வயலை மேயட்டும்" என்று. ஆட்டைத் தின்ற பிறகு விற்க என்ன இருக்கிறது? ஆட்டின் கதை இதற்கு நேர்மாறு, அது இழப்பைத் திட்டமிட்டு இழக்க வேண்டும்: மூலைக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டை விட்டுவைத்துப் புலியைக் கீழே இழுப்பது. ஊர் பொறுமையாக நாலு வயலில் நிற்க வேண்டும், ஐந்தாவதை வைத்த கணமே ஆடும் புலியும் சேர்ந்து வந்துவிடும்.

சரி, பேச்சு வந்தது, கூடவே வாக்குத் தவறுவதும் வந்தது. இதற்கு எனக்குத் தெரிந்த ஆட்டங்களில் இரண்டு வழி உண்டு. ஆலன் கால்ஹாமரின் டிப்ளமசி, 1959இல் வந்தது, ஏழு வல்லரசு, 34 மையங்களில் 18ஐப் பிடித்தால் வெற்றி. அதில் பகடையே இல்லை, என்ன வாக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், எதுவும் கட்டுப்படுத்தாது. 1979இல் வந்த ட்யூன் பலகை ஆட்டத்தில் வெளிப்படையாகச் சொன்ன பேரத்தைக் காப்பாற்றியே ஆக வேண்டும். நான் இரண்டையும் வைத்துப் பார்த்தேன். கட்டுப்படுத்தாத வாக்கு எங்கள் வீட்டில் நிற்கவில்லை, ஏனென்றால் ஆட்டம் முடிந்தபின்னும் நாங்கள் அதே வீட்டில்தான் இருக்க வேண்டும். அக்கா மகள் ஒருமுறை ஏமாந்ததும் அடுத்த ஆட்டத்தில் யாரிடமும் பேசவே மறுத்துவிட்டாள், அவள் பேசாவிட்டால் ஆட்டம் பழைய அமைதிக்குப் போய்விடுகிறது. எல்லா வாக்கும் கட்டாயம் என்றதும் வேறு தொல்லை, "நீ மேய மாட்டேன்னுதான் சொன்ன, பக்கத்துல நிக்க மாட்டேன்னு சொல்லல" என்று பத்திரம் எழுதுவதைப்போல ஒவ்வொரு சொல்லையும் அலசத் தொடங்கினார்கள்.

கடைசியில் நின்றது சோழி. ஆளுக்கு இரண்டு சோழி. வாக்குக் கொடுக்கும்போது விரும்பினால் ஒரு சோழியை அடுத்தவர் கையில் கொடுக்கலாம். வாக்கு ஒரே ஒரு சுற்றுக்குத்தான், என் அடுத்த முறை முடியும்வரை. காப்பாற்றினால் சோழி திரும்பும். மீறினால் அது அவருடையது, அதைச் செலவழித்து அவர் ஒருமுறை கூடுதலாக ஆடலாம். சோழி கொடுக்காமல் சொன்னது வெறும் பேச்சு, நம்புவதும் நம்பாததும் அவரவர் பொறுப்பு. இதில் எனக்குப் பிடித்தது, ஏமாற்றுவது தடையில்லை, ஆனால் அதற்கு ஒரு விலை முன்கூட்டியே மேசையில் இருக்கிறது, ஏமாந்தவர் கையில் பதிலடிக்கு ஒரு கருவியும் இருக்கிறது. அக்கா மகள் மறுபடி பேச வந்துவிட்டாள், வாக்கை மீறிய அப்பாவின் சோழியை நாலு சுற்று பத்திரமாக வைத்திருந்து சரியான நேரத்தில் ஆடவும் செய்தாள்.

பேச்சு நீண்டு ஆட்டம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டியபோது 1977இல் வந்த காஸ்மிக் என்கவுண்டரிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். அதில் இரு தரப்பும் சமரச அட்டை வைத்தால் உடன்பாட்டுக்கு ஒரு நிமிடம்தான், முடியாவிட்டால் இருவருக்கும் நட்டம். இங்கே ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒரு நிமிட மணல் கடிகாரத்தைக் கவிழ்க்கிறோம், மணல் தீர்ந்தால் சோழி மாற்ற முடியாது. இப்போது ஒரு ஆட்டம் முக்கால் மணி நேரத்தில் முடிகிறது.

இன்னொரு தொல்லை, தோற்பது உறுதியான ஆள் கடைசியில் யாரை ஜெயிக்க வைப்பது என்று தன் விருப்பத்துக்கு முடிவு செய்வது. அப்பா எப்போதும் பேத்திக்குத்தான் விட்டுக்கொடுப்பார். அதனால் மூன்று ஆட்டம் ஒரு தொகுப்பு, ஒவ்வொருவரும் மூன்று தரப்பையும் ஒருமுறை ஆட வேண்டும், வெற்றி யாருக்கு என்பதைவிடத் துளையில் நிற்கும் முளைகளின் கூட்டுத்தொகைதான் கணக்கு. தோற்கிற ஆளுக்கும் இன்னொரு முளை வேண்டும், ஆகவே கடைசிவரை தனக்காகவே ஆடுகிறார். தரப்புகளுக்குள் மிச்சமிருக்கும் ஏற்றத்தாழ்வும் இதில் கரைந்துவிடுகிறது, எல்லோரும் எல்லாப் பக்கமும் உட்காருகிறார்களே.

செலவுக் கணக்கு: ப்ளைவுட் 150, உருளைக் கம்பு 60, மூன்று சின்ன டப்பா எனாமல் 210, வார்னிஷ் 120, உப்புத்தாள் 40, மணல் கடிகாரம் 90, சோழி 30. மொத்தம் 700 ரூபாய். புளியங்கொட்டை வீட்டுச் சமையலறையிலிருந்து. வீணான மார்க்கரைச் சேர்க்கவில்லை.

இன்னும் சரியாகாதது ஊர். தகரம் தட்டி ஆட்டை நகர்த்துவது ரொம்பப் பெரிய ஆயுதம், ஆட்டை நேராகப் புலியின் வாய்க்கு முன்னால் தள்ளிவிட்டு அதற்குப் புலியிடம் விலை வாங்க முடிகிறது. அடுத்த சோதனையில் ஊருக்கு மூன்று சோடா மூடி கொடுத்து, ஆட்டை ஒருமுறை விரட்டினால் ஒரு மூடி கழியும் என்று வைத்துப் பார்க்கப் போகிறேன், புலியை விரட்டக் கணக்கில்லை. இன்னொரு பலகை செய்வதாக இருந்தால் 20 அங்குலத்துக்குப் போவேன், முதல் குறுக்குக் கோட்டில் இப்போதும் பெரிய விரல்காரர்களுக்கு நெருக்கடிதான். அதற்கு முன்னால் காடாத் துணியில் இதே கட்டத்தை நூலால் தைத்து ஒரு பிரதி வேண்டும், அக்கா மகள் விடுதிக்கு எடுத்துப்போகக் கேட்டிருக்கிறாள், பலகையைப் பெட்டிக்குள் மடிக்க முடியாது.